பண்பான மொழிபெயர்ப்பு

பல்கலைக்கழக விழாவில் பேச மிரேதாவின் நாட்டு அதிபரை அழைத்திருந்தார்கள். அவர் படை ஊரை எரித்தபோது தப்பி வந்து, இங்கே கேன்டீனில் வேலை பார்ப்பவள் அவள்.

அதிபர் தன் மொழியில், "அந்த எலிகளை உயிரோடு கொளுத்தினேன்!" என்று சிரித்தார். பேராசிரியர்களின் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி, "கடினமான முடிவுகளை எடுத்தேன்" என்றது. கைதட்டினார்கள்.

தேநீர்த் தட்டைப் போட்டுவிட்டு மிரேதா மேடையேறினாள். "என் மகளைக் கொன்றவனே!" என்று தன் மொழியில் அலறினாள்.

"எங்கள் தந்தையே, வருக!" என்றது கருவி.

துணைவேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க பாசத்தைப் பார்த்தா புல்லரிக்குதும்மா" என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மிரேதா அதிபரின் முகத்தில் காறித் துப்பினாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கருவி சொல்லட்டும் எனப் பேராசிரியர்கள் காத்திருந்தார்கள்.