பணம் போட வந்தவர்கள்

வங்கியின் இரும்புக்கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் வரிசை தெருமுனையைத் தொட்டுவிட்டது.

மாடிச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இடர் மதிப்பீட்டு அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரிசையின் முன்பகுதியில் நின்ற ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும். காசாளரின் சித்தப்பா. காவலாளியின் மருமகன். மடக்கு நாற்காலியோடு வந்திருந்த மேலாளரின் மாமியார். அவளுடைய சொந்த அண்ணன்.

இவர்களில் ஒருவரும் பணம் எடுக்க வந்தவரல்லர். போட வந்தவர்கள், அதற்கென்றே வரவழைக்கப்பட்டவர்கள்.

வங்கி முழுகப்போகிறது என்று முந்தைய நாள் கைபேசிகளில் ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. வங்கி முழுகும் நிலையில் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால், எல்லாருக்கும் கொடுக்க எந்த வங்கியிலும் பணம் இராது. அது கடனாக ஊரெங்கும் போயிருக்கும். பொருளாதாரப் பெருமந்தங்களைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் படித்து அவள் கண்ட சாரம் அவ்வளவுதான். அவளுடைய சேமிப்பு முழுவதும், மகளின் கல்லூரிப் பணம் உட்பட, இதே வங்கியில்தான் இருந்தது.

முந்தைய நாள் மாலையே மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. ஊழியர்களின் உறவினர்கள் விடிந்ததும் வந்து, தெருவே பார்க்கும்படி, பணம் கட்டுவதற்கு நிற்க வேண்டும். அதைக் கண்டால் மக்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வரிசை என்றால் வரிசைதான். அது போடுவதற்கா எடுப்பதற்கா என்று யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியிருக்காது. இதை அவள் மேலாளரிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தாள்.

“நீங்க ரொம்பப் படிச்சுட்டீங்க மேடம், அதான் உங்களுக்குப் பிரச்சினையே,” என்று சிரித்தார் மேலாளர்.

இன்று விடிந்ததும் அவள் சொன்னதுதான் நடந்தது. முதலில், பால் வாங்க வந்த ஒருவர் வரிசையைக் கண்டு நின்றார். வீட்டுக்கு ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து கடைசியில் நின்றுகொண்டார். அவரைக் கண்டு தையற்கடைக்காரர். தையற்கடைக்காரரைக் கண்டு, பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர்.

வங்கி முழுகப்போகிறது என்று பின்னால் நின்றவர்கள் பேசிய பேச்சு, ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு, மெல்ல முன்னால் வந்தது.

கதவு திறந்தது. அவள் கீழே இறங்கி வந்தாள்.

முதல் ஆளாகக் காசாளரின் சித்தப்பா. கட்டுவதற்கு என்று கொண்டுவந்த பணப்பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு, அவர் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். காசாளர் முறைத்தார். சித்தப்பா நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவள் வரிசைக்குள் புகுந்தாள். அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள்.

“நீ போடத்தானே அண்ணா வந்தே?”

“போடத்தான் வந்தேன். பின்னாடி பாரு, இத்தனை பேரும் பைத்தியக்காரங்களா?”

“ஐயோ, அவங்க உன்னைப் பார்த்துட்டுத்தான் வந்து நிக்கறாங்க!”

“யாரைப் பார்த்து யார் வந்தா நமக்கென்ன, பாப்பா? உனக்கும் சேர்த்து ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கேன். கையெழுத்தை மட்டும் போடு.”

மடமடவென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். இந்த முன்வரிசை மட்டும் இப்போதே கலைந்து வீட்டுக்குப் போனால் வங்கி பிழைத்துவிடும். ஆனால் அண்ணனை மட்டும் அனுப்பினால் ஒரு சீட்டுதான் குறையும். எப்படியும் மாலைக்குள் வங்கி முழுகிக் கதவு மூடிவிடும். மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? ஒவ்வொருவரும் இப்படித்தான் எண்ணுவார்கள் என்று அவளே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன பயன் என்பதுதான் புரியவில்லை.

பேனாவை வெடுக்கென்று பிடுங்கிக் கையெழுத்திட்டாள்.

பிறகுதான் மேலாளரின் நினைவு வந்து, திடுக்கிட்டு அவருடைய அறையைப் பார்த்தாள். அங்கே நாற்காலி காலியாக இருந்தது.

மேலாளர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மாமியாருக்குப் பின்னால், அவளைப் பார்க்காதவர்போல், கூரையைப் பார்த்தபடி.