ஓசி ரிப்பேர்

“மறுபடியும் இஸ்திரிப்பெட்டி சூடு ஏறலையா அம்சா? போன ஞாயித்துக்கிழமைதானே ரிப்பேர் பண்ணிக்கினு வந்தே?”

பாண்டுரங்கனுக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம். நாலு வாரமாகக் கசங்கிய சட்டையோடு போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

“ஓசி ரிப்பேர்னா இப்பிடித்தான். இன்னிக்கு நானே போயி அந்தக் கிழவரை நாலு கேள்வி கேக்கறேன்!”

“வேணாங்க, நான் போறேன்...” என்று மனைவி அம்சா ஓடிவருவதற்குள், இஸ்திரிப்பெட்டியோடு தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

அந்தக் கிழவர் சுப்பராயலு, ரயில்வேயில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி போனபிறகு வீட்டில் அவரும், சூட்டை அளவோடு நிறுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டுகளும்தான். ஹீட்டர், கெட்டில் என்று எதில் கிடைத்தாலும் கழற்றித் துடைத்து, வருஷம் எழுதி அலமாரியில் அடுக்குவார். பார்க்கத்தான் ஈ, காக்கை வராது.

“வாங்க தம்பி, வாங்க!” ஆளைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து நீட்டினார். “திண்டிவனத்துல காயலான் கடையில கெடைச்சுது. நாப்பது வருசத்துச் சரக்கு. பித்தளையும் இரும்பும் ஒட்டின தகடு. சூடானா பித்தளை ஜாஸ்தி நீளும், தகடு வளையும், கரண்டு கட்டாயிடும். மொதல்ல சீமையில கடிகாரத்துக்குத்தான் இந்தத் தகட்டைப் பண்ணாங்க. அப்புறம்...”

“கதையெல்லாம் வேணாம் பெரியவரே. வாராவாரம் அதே ஸ்க்ரூ கழண்டுக்குதாம். அதை ஒழுங்கா முடுக்கத் தெரியாதா? நாலு வாரமா பேஜாரு பண்றீங்க!”

பெட்டியைத் திறந்து பார்த்தார் சுப்பராயலு. கழண்டிருந்த ஸ்க்ரூவை விரலால் தடவினார்.

“என் தப்புதான் தம்பி. வயசாச்சு. சரியா முடுக்காம வுட்டுட்டேன்.”

“இனிமே இந்தப் பெட்டி இங்க வராது.”

“சரிங்க தம்பி,” என்றவர், முடுக்கிக் கொடுத்துவிட்டு வாசல் வரை வந்து நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாண்டுரங்கன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “தப்பை ஒத்துக்கினாரு அம்சா!” என்றான் பெருமையாக.

அம்சாவின் கண் கலங்கிவிட்டது.

“வாராவாரம் அந்த ஸ்க்ரூவைக் கழட்டினது நான்தாங்க. அந்த வாசப்படியை ஒருத்தரும் மிதிக்கறதில்ல. சும்மா போனா தெரு பேசும். பெட்டியோட போனா, அவர் பேசறதைக் கேக்க ஒரு ஆள் ஆச்சு.”

“அப்ப அவரு ஏன் தன் தப்புன்னாரு?”

“இத்தினி வருசம் இதே வேலை பார்த்தவருக்கு, ஸ்க்ரூ தானா கழண்டுதா, கை வச்சுக் கழட்டினதான்னு தெரியாதா? நீங்க என்னைத் திட்டிடக் கூடாதுன்னு, பழியைத் தன் தலையில போட்டுக்கினாருங்க!”