துரையின் ரத்தம்

ஆட்டுக்காரர் கிடாவின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்ததும், வரிசையில் இருந்தவர்கள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

கிடாவின் பெயர் துரை. அதன் வாடை அதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

பின்னால் கயிற்றைப் பிடித்தபடி அவருடைய மனைவி வந்தாள். அவள் பிடித்தால்தான் துரை நடக்கும்.

ஆட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று வழுக்கை வரை சிவந்திருந்தது. வழியில் ஒரு லாரி அந்தத் தலையைப் பார்த்து, சிக்னல் என்று நின்றுவிட்டதாகக் கேள்வி.

கோபத்துக்குக் காரணம் ரத்தம்.

மடி வீங்குவதற்கு முன்பே, பால் திரிவதற்கு முன்பே, வரப்போகும் மடிநோயை ரத்தம் சொல்லிவிடுமாம். அப்படித்தான் போன வாரம் ரத்தம் பார்க்கும் பெண், அவருடைய முதல்தரமான பால் ஆடு சீமாட்டிக்கு நோய் தொடங்கிவிட்டது என்றாள். மருந்து போட்டுக் குணமாகும்வரை அதன் பால் வேண்டாம் என்று பால் நிலையம் கைவிரித்தது.

அவர் மருந்து போடவில்லை. மடி பஞ்சு மாதிரி இருக்கிறது, பால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, பிறகென்ன நோய்?

பால் விஷயத்தில் அவர் கறார். கறந்தது அத்தனையும் விற்பனைக்கு; ஒரு சொட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது. ஆனால் விடிந்ததும் அவருக்குப் பால் டீ வேண்டும். கறுப்பாக வந்தால் தம்ளர் பறக்கும். பாலுக்கு எங்கே போவது என்பது மனைவியின் பாடு.

அந்தப் பெண்ணின் முகத்திரையைக் கிழிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். துரையின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குப்பியில் சீமாட்டி பெயரை ஒட்டி அனுப்பினார்.

காலையில் போன் வந்தது. மடிநோய் போன தடவையைவிட ஏறியிருக்கிறதாம்.

இப்போது ஆட்டுக்காரர் துரையை அந்தப் பெண்ணின் மேசை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இது கிடாம்மா, கிடா! இதுக்கு மடிநோயா? அடுத்து எனக்குப் பிரசவத் தேதி குறிச்சுக் குடுப்பியா?"

வரிசையே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை.

ரத்தம் பார்க்கும் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, மண்டி போட்டு, துரையின் அடிவயிற்றுப் பக்கம் கைவிட்டாள்.

யாரையும் கிட்டே விடாத துரை, பின்னங்கால்களை அகட்டி, சமர்த்தாக நின்றது.

ஒரு காம்பை அழுத்தினாள். சுரீரென்று பால் பீய்ச்சி ஆட்டுக்காரரின் செருப்பை நனைத்தது. இன்னொன்றிலிருந்து மஞ்சளாகத் திரிதிரியாக வந்தது.

"அபூர்வமா சில கிடாவுக்குச் சுரக்கும் சார். தொடாம விட்டா தானா வத்திடும். இத யாரோ தினமும் கறக்கறாங்க."

யார் என்று கேட்க ஆட்டுக்காரர் வாயைத் திறந்தார். காலையில் குடித்த டீயின் ருசி நாக்கில் இன்னும் இருந்தது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

மனைவி கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சீமாட்டிக்கும் இதுக்கும் சேத்தே மருந்து குடும்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். பிறகு, கணவரின் முகத்தைப் பார்க்காமல், "மருந்து முடியிற வரைக்கும் உங்களுக்குக் கறுப்பு டீதான்."