வரைந்தவர்

“எங்கப்பா கிளம்பிட்டீங்க?”

“உன் மேனேஜரைப் பாக்க.”

“வேண்டாம்ப்பா. திங்கக்கிழமை எனக்கு விமானம். காரியத்தைக் கெடுத்துடாதீங்க.”

மகள் சொன்னதைக் காதில் வாங்காமல் கிளம்பினேன்.

மூன்று நாடுகளில் நடக்கும் கட்டட வேலை. அதன் இரும்புத் தாங்கிகளுக்கு நான்கு மாதம் கண் வீங்கப் படம் வரைந்தவள் அவள். இதில் பேர் எடுத்தால் அடுத்தடுத்த நாட்டுக்கும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. நேற்று எல்லாவற்றிலும் அதை எடுத்துவிட்டு, மேனேஜர் தன் பெயரைப் போட்டுக்கொண்டாராம்.

எனக்கு இது புதிதல்ல. நான் சென்ட்ரிங் தச்சன். நான் பலகை அடித்து நிறுத்திய வளைவு மாடிப்படிக்கு ஒரு மேஸ்திரி பேரைத் தட்டிக்கொண்டு போனான். இருபத்தாறு வருஷமாக அவன் வீட்டுத் தெரு வழியாக நான் நடப்பதில்லை.

மேனேஜர் அறையில் சுவர் முழுக்க அவர் வேலை பார்த்த நாடுகளின் புகைப்படங்கள். அத்தனையும் போதவில்லை போலிருக்கிறது.

“அடுத்தவன் பெத்த பிள்ளைக்கு நீங்க அப்பன்னு எழுதிக்கிறீங்களே சார், நல்லாவா இருக்கு?”

அவர் கோபப்படவில்லை.

“பெரியவரே, அவ முதல்ல போய்ச் சேரட்டும். அப்புறம் பேசலாம்.”

“ஏன், அதுக்குள்ள டிக்கெட்டுலயும் உங்க பேரைப் போட்டுக்கணுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். முதலாளி.

“நம்ம படத்தைப் பாத்து வெளிநாட்டுப் பட்டறையில செஞ்ச இரும்புத் தாங்கி நூத்திப் பத்தும் இடம் வலம் மாறிப் போயிருக்கு. அந்த நாட்டுல படத்தைப் படிக்கிற முறையே வேறயாம். நாம நம்ம முறையில வரைஞ்சு தொலைச்சிருக்கோம். யாரு, அந்தப் புதுப் பொண்ணா?”

“இல்ல சார். நான்தான். படத்துலயே பேரு இருக்கே.”

“இத்தனை வருஷ அனுபவத்துக்கு இதுவா லட்சணம்? இனிமே வெளிநாட்டு வேலை எதுக்கும் உங்களை அனுப்பறதா இல்ல.”

“சரி சார். திங்கக்கிழமை அந்தப் பொண்ணு...”

“அவ போகட்டும். அவ என்ன தப்பு பண்ணினா?”

போன் அணைந்தது. நேற்றே அவருக்கு இது தெரிந்திருக்கிறது.

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பாடா” என்றார்.