ஆறாவது ஆல்பம்

"கடைசி இடத்துல கிடக்கறதைத் தூக்கி முதல் இடத்துல வைக்கச் சொல்றீங்களே தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் பஸ் டிரைவர்.

தம்பிக்கு நாற்பது வயது. பாட்டு கம்பெனியின் கீழ்த்தள அறையில் ஒலிநாடாக்களைப் பாதுகாக்கிற வேலை. தாடிக்காரரின் ஒன்பது ஆல்பங்களின் மூல நாடாக்களும் இருபது வருஷமாக அவன் பொறுப்பில்தான்.

தாடிக்காரர் ராக் பாட்டு எழுதிப் பாடுகிறவர். அடுத்த மாதம் அவருக்கு எழுபது நிறைகிறது. அதற்காக ஒரே ஓர் ஆல்பத்தை மூல நாடாவிலிருந்து எடுத்து மெருகேற்றி வெளியிடப் போகிறார்கள். எது என்பதை ரசிகர்களே சொல்லட்டும் என்று மேனேஜர் அம்மா முடிவு செய்தார். ரசிகர் மன்றத்திலிருந்து டிரைவர், கணக்கு டீச்சர், பல் டாக்டர் அம்மா என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் இவன். நாலு மணிக்குள் பெயரைச் சொல்லியாக வேண்டும். இப்போது மூன்றே கால்.

அவனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தான், ஜன்னலோரம் போனான், திரும்பி வந்தான். நேற்றிலிருந்து விடாத தும்மல் வேறு. ஆறாவது ஆல்பம் ஜெயிக்காவிட்டால் நாளையிலிருந்து வேலையே இல்லை என்பதுபோல் ஒற்றைக் காலில் நின்றான்.

கணக்கு டீச்சர் மதிப்பெண் முறை ஒன்று வைத்திருந்தார். முதல் இடத்துக்கு ஒன்பது, கடைசி இடத்துக்கு ஒன்று. நாலு பேர் தாளையும் கூட்டிப் பார்த்ததில் இரண்டாவது ஆல்பமான 'கடைசி பஸ்'ஸுக்கு இருபத்தேழு. ஆறாவதான 'மூடிய கடை'க்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்பது இவன் போட்டது.

டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இவனுடைய தாளைத் தனியாக எடுத்தார். "கடைசி பஸ்ஸுக்கு ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கீங்க. கை தவறிடுச்சா?"

"இல்ல டீச்சர். யோசிச்சுத்தான் போட்டேன்."

"போன வருஷக் கூட்டத்துல நீங்களே மூடிய கடையைத் தூங்குமூஞ்சி ஆல்பம்னு சொன்னீங்க. குறிச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப எனக்குப் புத்தி பத்தலை."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவனிடம் வந்து கடைசி பஸ்ஸை விட்டுவிடச் சொல்வது நியாயமா என்று கேட்டார். பல் டாக்டர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். ஒருநாள் கிளினிக்கில் மூடிய கடையைப் போட்டாராம். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த ஆள் பல்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாராம்.

அவன் சிரிக்கவில்லை. "முழுசா எத்தனை பேர் கேட்டிருக்கீங்க?" என்றான்.

டிரைவர் காதைச் சொறிந்துகொண்டார். "என் கேசட்டுல ரெண்டாம் பக்கம் சுத்தாது. சரி போகட்டும்னு விட்டுட்டேன்."

டீச்சர் மூன்றாம் பாட்டோடு நிறுத்தியவர். டாக்டர் அம்மா, அந்த ஆள் எழுந்து போனபோது தானும் பாட்டை அணைத்தவர்தான்.

"அப்ப கேக்காமலே கடைசி இடம் குடுத்திருக்கோம்" என்றான். அலமாரியிலிருந்த பழைய இசைத்தட்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வைத்தான்.

நாலு பாட்டுகள். கிட்டாரும் குரலும் மட்டும். கடைசிப் பாட்டின் நடுவில் தாடிக்காரர் ஒரு வரியைப் பாட முடியாமல் நின்றுவிடுகிறார். நாற்காலி கிறீச்சிடுகிறது. ஒரு பெருமூச்சு. பிறகு அதே வரியை, பாடாமல், சும்மா சொல்லிவிட்டுப் போகிறார்.

ஊசி ஓரத்தில் போய் உரசிக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா கைப்பையில் எதையோ தேடினார். டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். எல்லோரையும்விட அவன்தான் அதிகம் திகைத்துப்போயிருந்தான். அவனே இப்போதுதான் கேட்டவன்போல.

டிரைவர், "பெரிய மனுஷன் இப்படிக்கூட உக்காந்து அழுதிருக்காரா?" என்றார். தன் தாளை வாங்கி அடித்துத் திருத்தினார். மற்ற இருவரும் திருத்தினார்கள்.

மேனேஜர் அம்மா எட்டிப் பார்த்தபோது மணி நாலாக இரண்டு நிமிஷம். முடிவைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். "சரி, நாடாவை எடுத்துட்டு வந்துடுங்க. இன்னிக்கே ஸ்டூடியோவுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

"அடுத்த வருஷம் கடைசி பஸ்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் டிரைவர்.

"அதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிக்கொண்டே அவன் படியிறங்கினான்.

கீழ்த்தள அறையைத் திறந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டான். மூன்று மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தரையில் விரித்த செய்தித்தாள்கள்மீது எட்டுப் பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே நாடாக்கள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை குழாய் உடைந்து நின்ற தண்ணீர் சுவரில் இடுப்பளவுக்குக் கோடு போட்டிருந்தது.

அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரியின் உச்சித் தட்டில் நனையாமல் தனியாக இருந்த ஒரே பெட்டியின் தூசியைத் துடைத்தான். தனக்குப் பிடித்தவை எல்லாம் கைக்கெட்டும் கீழ்த்தட்டுகளில் இருக்கட்டும், யாருக்கும் வேண்டாத அந்தத் தூங்குமூஞ்சி உச்சியில் கிடக்கட்டும் என்று இருபது வருஷத்துக்கு முன்பே தரவரிசை போட்டு அடுக்கியவன் அவன்தான்.