கேட் இல்லாத வீடு

வந்து பாருங்கள், பெரியோர்களே! சீசன் முடிந்த கொடைக்கானலில், விலங்குக் காப்பகத்தின் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் சீமை நாயொன்று, தன்னை வளர்க்கக் கேட்டு வந்த வீரம்மாளின் பூண்டு மணக்கும் விரல்களை நக்குகிறது. ஏரியிலிருந்து ஏறிய பனி இருவரையும் மூடுகிறது. பின்னால், அடுப்புச் சட்டியில் விஷ மருந்துக்கான ஊசி கொதிக்கிறது. கேட்பாரற்ற நாய்களுக்கு இன்று மாலையே கெடு. "ஒன் வீட்டுக்குக் கேட் இருக்கா? கேட் உள்ள பங்களாவுக்குத்தான் நாய் குடுக்கணும். அதான் ரூல்" என்கிறார் காப்பாளர் பொன்னுவேல். "கேட் வச்ச பங்களாக்காரங்கதான சாமி, இத ரோட்டுல விட்டுட்டுக் காருல மலையெறங்கிப் போனாங்க?" என்கிறாள் வீரம்மாள். பொன்னுவேல் கூண்டுச் சாவியை மடியில் செருகுகிறார். சட்டியின் மூடி துள்ளுகிறது. நாய் வாலாட்டுகிறது. இன்னும் ஏன் நிற்கிறீர்கள், தோழர்களே? அந்தக் கொதி அடங்குமுன் சாவியைக் கேட்டு வாங்குங்கள்!