நாற்பதுக்குப் பதினொன்று

கையில் கோப்போடு ஓர் ஆள் வகுப்பு வாசலில் வந்து நின்றதுமே அறிவியல் டீச்சர் முந்திக்கொண்டார். அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள், "வாங்க சார், பின்னாடி உக்காருங்க. இப்பதான் ஆரம்பிக்கப் போறேன்" என்றார்.

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முப்பது பிள்ளைகளும் எழுந்து வணக்கம் வைக்கவும், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதுக் கருவிகளை வைத்து எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள் என்று கல்வித்துறை ஆட்கள் பள்ளி பள்ளியாகப் போய் மார்க் போடுகிறார்கள். போன தடவை இந்தப் பள்ளிக்கு நாற்பதுக்குப் பதினொன்று. காரணம், டீச்சர்தான். எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, சுவரில் மாட்டிய தொடுதிரையை ஒன்றரை வருஷமாகத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார்.

"உங்க ஒருத்தரால எல்லாருக்கும் தலைகுனிவு" என்று தலைமையாசிரியை அத்தனை பேர் முன்னாலும் சொன்னதில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு மாதம் மகளிடம் பாடம். "அம்மா, அது கடிக்காதும்மா. தொடு!"

இன்று தொட்டார். திரையில் இதயம் ஒன்று துடிக்க ஆரம்பித்தது. வகுப்பே வாயைப் பிளந்தது.

வருஷம் முழுக்க வாய் திறக்காத மூன்றாம் பெஞ்சுப் பெண் தானாக எழுந்து வந்தாள். இரத்தத்தை விரலால் நுரையீரல்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"டீச்சர், இங்க வந்ததும் கலர் மாறுதே! ஏன்?"

அவள் குரல் இப்படி இருக்கும் என்பதே டீச்சருக்கு இன்றுதான் தெரிந்தது.

ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். வந்தவர் திரையின் நாலு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும். நல்லவேளை, காலையிலேயே துடைத்தாயிற்று.

மணி அடித்தது. "டீச்சர், நாளைக்கு மூளை காட்டுவீங்களா?"

"காட்டுறேன், காட்டுறேன். ஓடுங்க!"

அறை காலியானதும் வந்தவர் முன்னால் வந்தார். அவர் முகம் சரியில்லை.

"ரொம்ப நல்லா நடத்துனீங்க டீச்சர். எம் பொண்ணுக்கு இப்படி ஒருத்தர் கிடைக்கல."

"அப்ப... இந்தத் தடவ எத்தன மார்க் சார்?"

அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டீச்சரின் கண்ணைப் பார்க்கவில்லை.

"மார்க் போடுறவங்க வேற, டீச்சர். என்னை, பயன்படுத்தாத திரையையெல்லாம் கழட்டிட்டு வரச் சொன்னாங்க."